கல் ஓரத்தில் ஓர் ஆட்டக்காரி

எழுந்திருக்க மாட்டேன். என்ன நடந்தாலும் சரி, இன்றைக்கு இந்தச் சிமெண்ட் பெஞ்சை விட்டு எழுந்திருப்பதில்லை என்று வீட்டில் செருப்பை மாட்டும்போதே முடிவு பண்ணியாகிவிட்டது. பெஞ்சு சுடுகிறது. ஈரோட்டு வெயில் சாயங்காலமாகியும் போகிற வழியைக் காணோம், சேலையைத் தாண்டி உறைக்கிறது, உறைக்கட்டும், சூட்டுக்குப் பயந்து எழுந்தால் அப்படியே நாலு எட்டு வைத்துச் சுடரிடம் போய்விடுவேன், போனால் கையைப் பிடிப்பேன், கையைப் பிடித்தால் ஆட்டம் முடிந்தது. என் கால்களைப் பற்றி எனக்குத் தெரியாதா. ஒன்பது வருஷமாக மகள் பின்னாலேயே நடந்து பழகிய கால்கள், என்னைக் கேட்டுக்கொண்டா கிளம்புகின்றன? அதனால்தான் மடியில் கைப்பை, கைப்பை மேல் தண்ணீர் பாட்டில், பாட்டிலுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்காமலிருக்கச் சுடர் மாட்டிக்கொள்கிற நீல ஹெட்போன் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். எழுந்தால் எல்லாம் உருளும். உருண்டால் ரஹ்மத் சிரிப்பாள். ரஹ்மத் இதே பெஞ்சில் அந்தக் கோடியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள், அவள் பையன் அஸ்லம் எதிரே படுக்கப் போட்டிருக்கிற பெரிய சிமெண்ட் குழாய்க்குள் இருக்கிறான், வெளியே தெரிவது அவனுடைய இரண்டு பாதங்கள் மட்டும். பாதங்கள் ஆடுகின்றன என்றால் அவன் சந்தோஷமாக இருக்கிறான் என்று அர்த்தம். ஆடுகின்றன. சுடர் கல் ஓரத்தில் நடந்துகொண்டிருக்கிறாள். பூங்கா நடுவில் பெரிய வட்டமாக மணல், மணலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் ஓரம், அதன் மேல் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து, கைகளை இடுப்புக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, சுற்றுகிறாள். மணலில் இறங்க மாட்டாள். விரலிடுக்கில் மணல் புகுந்தால் அவளுக்கு ஊசி குத்துகிற மாதிரி. மணலில் காலனிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அவள் மேலே, அவர்கள் கீழே. இதைத்தான் நேற்று பழனிச்சாமி அண்ணன் கேட்டார், கேட்டது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

"சேந்து வெளையாடறாங்க, சேந்து வெளையாடறாங்கன்னு சொல்றீங்க அம்மிணி. எங்கீங்க சேந்து? அதுபாட்டுக்கு ஓரத்துல நடக்குது, இதுகபாட்டுக்கு நடுவுல ஓடுது." நல்ல மனுஷர்தான். காலனி சங்கத்துத் தலைவர், பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றும் யாராவது படியில் நின்றால் உள்ளே போகச் சொல்கிற குரல். அவருக்கு என் மகள் மேல் பாசம் உண்டு, அந்தப் பாசம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாசத்தில்தான் அவர் கம்பி வேலி போடலாம் என்கிறார். குழாய் இருக்கிற பக்கம் தனியாக ஒரு வேலி, தனியாக ஒரு கேட், உள்ளே நல்ல ஊஞ்சல், ரப்பர் தரை, வெளியே ஒரு போர்டு, சிறப்புக் குழந்தைகளுக்கு மட்டும். பாதுகாப்பாக இருக்குமாம். யாரும் இடிக்க மாட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டத்தில் பேசி முடித்து மாநகராட்சி எஞ்சினியரிடம் சொல்லிவிடுவாராம். இதோ வருகிறார், வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் சாயங்கால நடை, ஒவ்வொரு சுற்றுக்கும் பெஞ்சைத் தாண்டும்போது ஒரு வாக்கியம். "வெயிலு இன்னைக்கு ஜாஸ்தியா இருக்குதுங்க." ஆமாங்க அண்ணா. போய்விட்டார். வேலி போடுவதென்றால் நான் என்னத்துக்கு இந்தப் பூங்காவுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். நைட்டி தைத்துச் சந்தைக்குப் போடுகிறவள் நான், கேரளாவிலிருந்து வருகிற வியாபாரிகளிடம் பேரம் பேசி வளர்ந்த வாய், எஞ்சினியர் சாரிடம் மட்டும் அடங்குமா. சறுக்கு ஏற ஏணி மட்டும் போதாது சார், பயப்படுகிற பிள்ளைக்குச் சரிவும் வைங்க என்றேன், வைத்தார். சத்தம் தாங்காத பிள்ளை போய் ஒளிய ஓர் இடம் வேண்டும் என்றேன், சாக்கடைக்கு வந்து மிச்சமான குழாயைக் கழுவிப் போட்டார். வாசல் கேட்டுக்குப் பெரியவர்கள் கை மட்டும் எட்டுகிற உயரத்தில் கொக்கி. மணலைச் சுற்றிக் கல் ஓரம் வேண்டும், எங்கேயும் விட்டுப்போகாமல் முழு வட்டமாக வேண்டும் என்றபோதுதான் மனுஷர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது எதுக்கும்மா?" எதுக்கு என்று எப்படிச் சொல்வேன். வாய்க்காலைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது, பாட்டில் வழுக்குகிறது பார். சுடருக்கு ஐந்து வயது, தையல் மிஷின் சத்தத்தில் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை, நூல் அறுக்கத் தலையைத் தூக்கினால் பிள்ளை இல்லை. தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளையா அவள். வாய்க்கால் கரையில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, கரைச்சுவரின் மேல், ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, இதே நடை. நான் கத்தவில்லை. கத்தினால் விழுந்துவிடுவாள். நானும் சுவரில் ஏறி அவள் பின்னால் நடந்தேன், மதகு வந்து அவள் தானாக இறங்குகிறவரைக்கும். அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ராத்திரியெல்லாம் அழுதுவிட்டு விடிகாலையில் தோன்றியது, இந்தப் பிள்ளைக்கு ஓரம் பிடிக்கிறது, அவ்வளவுதான், தண்ணீர் இல்லாத ஓரம் ஒன்றைத் தேடித் தரவேண்டியது என் வேலை. அதைத்தான் வாங்கினேன். ஓரம் நடுவில் இருக்கட்டும், எல்லாரும் அவளைச் சுற்றி இருக்கட்டும் என்றுதான் வட்டமாக வாங்கினேன். அதற்கு இப்போது வேலியாம்.

"கல்லா மண்ணா! கல்லா மண்ணா ஆடலாம் வாங்கடி!" அது கனிஷ்கா, காலனியில் எல்லா ஆட்டத்துக்கும் அவள்தான் நாட்டாமை, முன்பல் விழுந்த இடத்தில் காற்று விசிலடிக்கும். பிள்ளைகள் வட்டமாகக் கை வைத்துப் பிரிக்கிறார்கள், முகிலன் மாட்டிக்கொண்டான், அவன் பிடிக்க வேண்டும். முகிலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மணல் நடுவில் நிற்கிறான், மற்றவர்கள் சேர்ந்து கேட்கிறார்கள், கல்லா? மண்ணா? "மண்ணு!" அப்படியென்றால் மணல் அவனுடைய ஊர். மற்றவர்கள் கல் மேல் ஏறிக்கொள்ள வேண்டும், மணலில் கால் வைத்தால் அவன் தொட்டு அவுட் ஆக்கலாம். கல் என்று சொல்லியிருந்தால் அப்படியே தலைகீழ். எல்லாரும் கல் ஓரத்தில் ஏறுகிறார்கள், திடீரென்று என் மகளுடைய ஓரம் முழுக்கக் கால்கள். நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். என் முதுகு நிமிர்ந்துகொள்கிறது. எழுந்திருக்காதே. இடிப்பார்களா, இடித்தால் கத்துவாள், கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், ஹெட்போன் என் மடியில் இருக்கிறது, எழுந்திருக்காதே. "டேய், சுடர் ஒப்புக்குச் சப்பாணி! அவளத் தொடாதீங்க. தொட்டாலும் அவுட்டு இல்ல!" கனிஷ்காதான் கத்துகிறாள், ஊருக்கே கேட்கிற மாதிரி, நல்ல மனசோடுதான் கத்துகிறாள். ஒதுங்கி வழி விடுகிறார்கள். சுடர் மறுபடி நடக்கிறாள். ரஹ்மத் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "சேத்துக்கிட்டாங்கல்லக்கா." சேர்த்துக்கொண்டார்களா. ஒப்புக்குச் சப்பாணி. எனக்கு அந்த வார்த்தை தெரியும், நன்றாகத் தெரியும், நான் அதில் வளர்ந்தவள். எங்கள் அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடப் போவாள், வேண்டா வெறுப்பாக, அம்மா திட்டுவாளே என்று. இறக்கிவிட்டுச் சொல்வாள், இவ ஒப்புக்குச் சப்பாணி. முதலில் எனக்கு ஒரே பெருமை. எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு வாங்க ஓடுவேன். ஓடி ஓடித் திரும்பிப் பார்ப்பேன், யாரும் பின்னால் வரமாட்டார்கள். பிடிக்கிறவன் பக்கத்திலேயே போய் நிற்பேன், கையை நீட்டினால் எட்டும், அவன் என்னைத் தாண்டி வேறு யாரையாவது பார்ப்பான். நான் அங்கே இருந்தேன், ஆனால் ஆட்டத்தில் இல்லை. துரத்தப்படாத குழந்தையின் துக்கம் பெரிய துக்கம். ஒருநாள் வேண்டுமென்றே ஒருத்தன் கையில் போய் மோதி அவுட் அவுட் என்று நானே கத்தினேன், எல்லாரும் சிரித்தார்கள், போடி அந்தப் பக்கம் என்றார்கள். இப்போது என் மகளுக்கும் அதே பட்டம். வேலிக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம். அது கம்பி வேலி, இது வாய் வேலி. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா, கனிஷ்கா கண்ணு, அப்படிச் சொல்லாதே என்று. என்ன சொல்லச் சொல்வது அதற்குப் பதிலாக? அவளைத் தொடுங்கள் என்றா? தொட்டால் துடித்துப்போகிறவளை? நான்தானே தெருத்தெருவாகச் சொல்லி வைத்தேன், சுடரைத் தொடாதீங்க, தள்ளி நின்று பேசுங்க என்று. சொன்னதைத்தான் கேட்டிருக்கிறார்கள். என் வாயே எனக்கு எமன்.

"இப்பவும் ஓரத்துலதானுங்க அம்மிணி." பழனிச்சாமி அண்ணன், அடுத்த சுற்று. ஆமாங்க அண்ணா, ஓரம்தான், ஓரம் அவளுக்குப் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார். அவர் கேட்பதெல்லாம் என்னைத்தான். எல்லாரும் கேட்பது என்னைத்தான். பிள்ளை பேசுமா, பிள்ளை சாப்பிட்டதா, பிள்ளைக்கு என்ன வயது, பக்கத்தில் நிற்கிற பிள்ளையை ஒரு பார்வை, கேள்வி எனக்கு. நானும் சளைக்காமல் பதில் சொல்வேன், சுடர் சார்பில் பேசிப்பேசி எனக்கு இரண்டு வாய் வந்துவிட்டது. அவள் பேசுவாள். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வாள், டிவி விளம்பரத்தை அட்சரம் பிசகாமல் சொல்வாள், நடுராத்திரியில் ரயில்வே அறிவிப்பு சொல்வாள், பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கேட்டதற்குப் பதில் என்பதுதான் கிடையாது. பயிற்சி மையத்து டீச்சர் சொன்னார், "ரெண்டு குடுத்துக் கேளுங்கம்மா, அவங்களே எடுக்கட்டும்." கேட்டேன். இட்லியா தோசையா? தோசை. அழுதுவிட்டேன். அவள் அப்பா ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போட்டேன், பெருந்துறை மில்லில் மிஷின் சத்தத்துக்கு நடுவில் அந்த மனுஷர் கத்துகிறார், என்னது, என்ன கேட்டா, தோசையா! அன்று வீட்டில் தோசைத் திருவிழா. மறுநாள் தற்செயலாக மாற்றிக் கேட்டேன், தோசையா இட்லியா? இட்லி. சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா? நீலச் சட்டை. நீலமா சிவப்பா? சிவப்பு. கடைசியில் எந்த வார்த்தை காதில் விழுகிறதோ அதுதான் பதில், எதிரொலி மாதிரி. இது தெரிந்த பிறகு நான் என்ன பண்ணினேன்? வியாபாரி என்ன பண்ணுவாளோ அதைப் பண்ணினேன். மாவு புளித்த அன்றைக்கு இட்லியா தோசையா, மாவு நன்றாக இருந்தால் தோசையா இட்லியா. வீட்டில் இருக்கிறாயா, ஸ்கூலுக்குப் போகிறாயா? ஸ்கூலுக்குப் போகிறாயா. சரி வா, ஆட்டோ நிற்கிறது. வேலை சுலபமாக நடந்தது. கேட்ட மாதிரியும் ஆச்சு, எனக்கு வேண்டியது கிடைத்த மாதிரியும் ஆச்சு. ரஹ்மத் கடலைத் தோலை ஊதுகிறாள், ஒன்று பறந்து ஹெட்போன் மேல் உட்காருகிறது. குழாயில் அஸ்லமின் பாதங்கள் நின்றுவிட்டன, தூங்கிவிட்டானோ, ரஹ்மத் கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள், மறுபடி ஆடுகின்றன, அவளும் மறுபடி கடலைக்குப் போகிறாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கே பார்த்தாலும் எங்கள் கண் அங்கேதான் இருக்கிறது.

"போங்கு! போங்காட்டம்!" முகிலன் இல்லை, வேறு ஒருத்தி, ஜடையில் ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிற சின்னப் பெண், மணலில் காலை உதைத்து அழுகிறாள். அவள் மணலில் இறங்கி முகிலனுக்குப் போக்குக் காட்டிவிட்டுக் கல்லில் ஏறப் பார்த்திருக்கிறாள், ஏறுகிற இடத்தில் சுடர் நின்றிருக்கிறாள், வழி விடவில்லை, முகிலன் வந்து தொட்டுவிட்டான். "சுடர் மறைச்சுட்டா! அவதான் ஆட்டத்துலயே இல்லல்ல, அப்பறம் எதுக்கு மறைக்கிறா?" என் கையில் பாட்டில் மூடி திறக்கிறது, மூடுகிறது. போச்சு. இதோ வந்துவிட்டது. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்க ஆன்ட்டி என்று இப்போது எல்லாத் தலையும் பெஞ்சுப் பக்கம் திரும்பும், நான் சாரி கண்ணு என்பேன், என் வாயில் சாரி எப்போதும் தயாராக இருக்கும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வேலி நிற்கும். யாரும் திரும்பவில்லை. முகிலன் கேட்கிறான், "மறைச்சா ஆட்டத்துல இருக்கான்னுதான அர்த்தம்?" கனிஷ்கா இடுப்பில் கை வைக்கிறாள். "அப்ப அவளையும் புடி." "எப்பிடிப் புடிக்கிறது, தொட்டா கத்துவாளே. அன்னைக்கே காதெல்லாம் போச்சு." "தொட வேண்டாம். அவ நெழல மிதி. நெழல் மண்ணுல இருந்தா மிதிக்கலாம்." "ஏய், அவளுக்கு மட்டும் நெழலு, எங்களத் தொடறதா? அதெப்பிடி? எங்களுக்கும் நெழல்தான்!" அவிழ்ந்த ரிப்பன்காரி கத்துகிறாள், அழுகையெல்லாம் எங்கே போனதோ. "சரி, எல்லாத்துக்கும் நெழலு. ஆரையும் தொடக்கூடாது. இவ அவுட்டு செல்லாது. முகிலா, மறுபடி நீதான்." முடிந்தது தீர்ப்பு. நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சி மையத்தில் இவர்களுக்கு வகுப்பெடுத்தோம், துண்டுச்சீட்டு அடித்துக் கொடுத்தோம், உங்கள் நண்பரைப் புரிந்துகொள்ளுங்கள் என்று படம் போட்டு. இந்தப் பிசாசுகள் யாரும் யாரையும் புரிந்துகொள்ளவில்லை, போங்காட்டம் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. இரக்கமே இல்லை. எனக்கு அப்படியே எழுந்து போய் அந்த இரக்கமில்லாத தலைகளை எல்லாம் கோதிவிட வேண்டும்போல இருக்கிறது.

ஆட்டம் மாறிவிட்டது. வெயில் மேற்கே பள்ளிவாசல் பக்கம் இறங்கிவிட்டதால் நிழல்கள் நீளம். மேற்கு ஓரத்துக் கல்லில் நின்றால் நிழல் மணலில் விழும், முகிலன் மிதித்துவிடுவான். கிழக்கு ஓரத்தில் நின்றால் நிழல் வெளியே புல்லில் விழும், தப்பிக்கலாம். பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது, எல்லாரும் கிழக்கே நெருக்கியடித்துக்கொண்டு தள்ளுகிறார்கள். சுடருக்குக் கிழக்கும் இல்லை மேற்கும் இல்லை, அவள் வட்டம் அவளுக்கு. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு மேற்குப் பக்கம் வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு முன்னால் மணலில் அவள் நிழல் இறங்குகிறது. முதலில் தலை, பிறகு தோள், இரண்டு ஜடை. ஒருநாளும் மணலில் இறங்காதவள். முகிலன் பதுங்கிப் பதுங்கி வருகிறான், அவளைப் பார்த்து வருகிறான், என் மகளைத்தான் குறி வைத்து வருகிறான், ஐயோ ஓடேன் சுடர், நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஓடு, இல்லை, ஓடாதே, மிதிக்கட்டும். பயந்துவிட்டால்? நிழலும் தன் உடம்பு என்று நினைத்துக்கொண்டு, வலிக்கிறது என்று கத்தினால்? சின்ன வயதில் சுவரில் தன் நிழலைப் பார்த்து அடித்தவள்தானே. பழனிச்சாமி அண்ணன் எங்கே, அவர் கண்ணில் இது படக்கூடாது, இல்லை, படட்டும். தொப்பென்று குதித்து இரண்டு காலாலும் மிதித்தான் முகிலன், நிழலின் கழுத்தில். "சுடர் அவுட்டு!" காது கிழிகிற கத்தல். என் பெருவிரல்கள் செருப்பில் ஊன்றிவிட்டன. சுடர் நிற்கிறாள். கைகளை இன்னும் காதுக்குக் கொண்டுபோகவில்லை. கீழே பார்க்கிறாள், மணலை, நிழலை, நிழல் மேல் நிற்கிற முகிலன் காலை. தலையைக் கொஞ்சம் சாய்க்கிறாள், நிழலும் சாய்கிறது, முகிலன் கால் மேல் நிழல் ஏறுகிறது. மறு பக்கம் சாய்க்கிறாள். இப்போது அவன் முட்டி மேல். தொண்டைக்குள் ஒரு சத்தம் வருகிறது அவளுக்கு, எனக்குத் தெரிந்த சத்தம், ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது வருகிற சத்தம். சிரிக்கிறாள். என் மகள் அவுட். ரஹ்மத், கேட்டாயா, என் மகள் அவுட் ஆகிவிட்டாள், முறைப்படி, எல்லாரையும்போல, செல்லும் அவுட். "கேட்டுச்சுக்கா, அதுக்கு ஏங்கா அழுகுறீங்க." யார் அழுதது, கடலைத் தூசி.

இப்போது சுடர் பிடிக்க வேண்டும். அவுட் ஆனவள்தான் அடுத்துப் பிடிக்க வேண்டும், அது யாருக்கும் மாறாத சட்டம், இதை நான் ஒரு நிமிஷம் மறந்துபோனேன். பிள்ளைகள் அவள் இருக்கிற பக்கம் வந்து மணலில் நிற்கிறார்கள், கை எட்டாத தூரத்தில், அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து கேட்கிறார்கள். கல்லா? மண்ணா? சுடர் அவர்களுக்கு மேலே எதையோ பார்க்கிறாள், மரமோ, மரத்துக்குப் பின்னால் போகிற பஸ்ஸோ. எனக்குத் தெரியும் பதில். மண்ணா. கடைசி வார்த்தை. காலங்காலமாக எல்லாப் பிள்ளைகளும் அந்த வரிசையில்தான் கேட்கிறார்கள், ஒருவரும் மண்ணா கல்லா என்று கேட்பதில்லை. மண்ணா என்பாள், மணல் அவளுடைய ஊராகும், அவள் இறங்க வேண்டும், இறங்க மாட்டாள், ஆட்டம் நின்றுபோகும். சின்ன வேலைதான், இங்கிருந்தே கத்திவிடலாம், கனிஷ்கா, மண்ணா கல்லான்னு மாத்திக் கேளு கண்ணு என்று. இல்லை, நேராக நானே சொல்லிவிடலாம், சுடர் கல்லு சொல்றா என்று, ஒன்பது வருஷமாகச் சொல்கிற மாதிரி. நாக்கு நுனியில் நிற்கிறது. காலைக் கட்டிப்போட்டவள் வாயைக் கட்ட மறந்துவிட்டேன். "ஏய், கேக்குதா சுடர்? கல்லா? மண்ணா?" "இரு, அவ யோசிக்கிறா." அது ரிப்பன்காரி. யோசிக்கிறாளாம். எங்கள் வீட்டில் யாரும் அவளுக்குக் கொடுக்காத நேரத்தை அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொடுக்கிறாள். நான் கேட்டு முடித்ததும் பதிலை வாங்கிக்கொண்டு அடுப்புக்குப் போகிறவள். நான் பாட்டில் மூடியைப் பல்லில் கடித்துக்கொள்கிறேன், பிளாஸ்டிக் கசக்கிறது, கடி, விடாதே. ஒரு காக்கை கத்துகிறது. குழாய்க்குள் பாதங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் நிற்கிறார்கள். சுடர் தன் காலைப் பார்க்கிறாள். வலது காலால் கல்லை ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

"கல்லு."

கல்லு என்றாள். கல்லா என்று திருப்பவில்லை, மண்ணா என்று திருப்பவில்லை. "கல்லாம்! கல்லாம்! ஏய் எல்லாரும் எறங்குங்கடா!" கல்லில் மிச்சம் நின்ற பொடிசுகள் பொத்துப் பொத்தென்று மணலில் குதிக்கின்றன, வட்டம் முழுக்கக் காலியாகிறது, என் மகள் ஒருத்திதான் மேலே நிற்கிறாள், இந்தத் தடவை அது அவள் ஊர். பழனிச்சாமி அண்ணன் நேரம் பார்த்து வந்து சேர்கிறார், மேற்குப் பக்கம், அவிழ்ந்த ஷூ நாடாவைக் கட்டக் காலைத் தூக்கிக் கல் மேல் வைக்கிறார். "தாத்தா! கல்லுல கால வெக்காதீங்க! அது சுடரோடது!" மொத்தப் பட்டாளமும் கத்துகிற கத்தலில் மனுஷர் சுட்டுக்கொண்டவர் மாதிரி காலை எடுக்கிறார். காலை எடுத்தார், நிழலை எடுக்க முடியுமா? கேன்வாஸ் ஷூவிலிருந்து தொப்பித் தலை வரைக்கும் நீளமாகக் கல்லைத் தாண்டி விழுந்து கிடக்கிறது. சுடர் திரும்புகிறாள். ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு கால், அவசரமே இல்லை, போகிறாள், போய் அவர் நிழல் மேல் ஏறி நிற்கிறாள். "தாத்தா அவுட்டு! தாத்தாதான் புடிக்கணும்!" அவர் நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார், நான் என்ன சொல்வேன் என்று, பழக்கதோஷம். "என்னைய எதுக்குங்க அண்ணா பாக்கறீங்க," என்கிறேன், வாயிலிருந்து மூடியை எடுத்துவிட்டு, "அவகிட்டயே கேளுங்க." கேட்கவில்லை. நாடாவை அப்படியே விட்டுவிட்டுக் கல்லைத் தாண்டி மணலில் இறங்கினார் பழனிச்சாமி அண்ணன், பிள்ளைகள் கூச்சலோடு சுற்றி நின்று கேட்டார்கள், கல்லா மண்ணா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன், வேலியைப் பற்றி அவர் வாயாலேயே பேசட்டும், நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். மடியில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது, எழுந்திருக்கவில்லை நான். வீட்டில் மாவு புளித்திருக்கிறது, காலையிலேயே மோந்து பார்த்தேன், நியாயமாக இன்றைக்குத் தோசைதான். ஆனாலும் கேட்கப் போகிறேன். கேட்டுவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பாமல், அந்த ரிப்பன்காரி நின்ற மாதிரி நிற்கப் போகிறேன். எது வருமென்று தெரியாது. தோசைக்கல்லையும் எடுத்து வைக்க வேண்டும், இட்லித் துணியையும் நனைத்து வைக்க வேண்டும்.